ஈயத்துக்கு அடியில் இருந்த எண்

"மாஸ்டர், இந்தக் கிதாரை வாங்கலாமா, திருப்பிக் கொடுத்துரலாமா?"

கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் தவசீலன். தூத்துக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுக் கச்சேரிகளில் லீட் கிதார் வாசிக்கிறவர். அவருக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தவர் கிளாரன்ஸ் மாஸ்டர்.

சீடனுக்குக் குருவைவிட வயது கூடுதல். அதனால் குரு சீடனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு கிதாரு, அண்ணாச்சி?"

"நம்ம ஹிலாரியோடது. அவனுக்கு ஒரு காது கேக்கலை. இனி மேடை ஏற மாட்டானாம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீட்ல வச்சுப் பாரு, பிடிச்சா எடுத்துக்கோன்னு தூக்கிக் கொடுத்துட்டான்."

"அட்வான்ஸ் கொடுத்தியளா?"

"வேண்டாம்னுட்டான். அங்கதான் மாஸ்டர் இடிக்குது."

தவசீலனுக்கு இடிக்காத இடம் உலகத்தில் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. போன வருஷம் வெளிநாட்டுக் கிதார் என்று நம்பி ஒன்றை வாங்கினார். ஒரு வரவேற்பு மேடையில், சுதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, அதன் தலையில் இருந்த கம்பெனிப் பெயர் வியர்வையில் உரிந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளையே சிரித்துவிட்டார். பாவம், அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் கடையில் டீ வாங்கினாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார்.

"ஹிலாரி என்ன விலை சொல்லுதாரு?"

"ஒரு கடைக்காரர் அவனுக்குத் தாரேன்னு சொன்ன விலையில பாதி."

"கடைக்காரர் ஏன் அவ்வளவு கொடுக்காரு?"

"உள்ள யாரும் கை வைக்காத பழைய கிதாருன்னுதான். கம்பெனியில ஒயரைப் பத்த வச்ச ஈயம்கூட அப்படியே இருந்தா, அதுக்குத் தனி மதிப்பு."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் பாதி? கேட்டியளா?"

"கேக்காம இருப்பேனா? 'கடைக்காரன் கண்ணாடிக்குள்ள தொங்க விடுவான், நீ வாசிப்பே'ன்னு சொல்லுதான். நம்புத மாதிரியா இருக்கு?"

மாஸ்டர் கிதாரை வாங்கி மடியில் வைத்து, ஆம்பிளிஃபயரில் மாட்டி, ஒரே ஒரு கார்ட் வாசித்தார். அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"சத்தம் அருமையா இருக்கு."

"சத்தத்தை நம்பக் கூடாது மாஸ்டர்."

"வேற என்னத்தைப் பாத்திய?"

"தலையில இருக்கிற நம்பரைப் பாத்தேன். சரி. கழுத்தைக் கழத்தி, அடியில பென்சில்ல எழுதுன வருஷத்தைப் பாத்தேன். சரி. மரம், எடை, ஆணி, எல்லாம் சரி."

"பிறகு என்ன?"

"எல்லாமே சரியா இருந்தாத்தான் எனக்குப் பயம். டூப்ளிகேட் அடிக்கவன் பாத்துப் பாத்துத்தானே அடிப்பான்?"

மாஸ்டர் தலையை ஆட்டினார். அது ஆமாவா இல்லையா என்று தவசீலனுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் மேலேயே அவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

"உள்ள, வால்யூம் குமிழோட முதுகுல கம்பெனி ஒரு எண் குத்தியிருக்கும் மாஸ்டர். அதை எவனும் மாத்த மாட்டான். ஆனா ஒரு சொட்டு ஈயம் சரியா அது மேலயே உக்காந்திருந்துச்சு. எதையோ மறைக்கத்தான் வச்சிருக்கான்னு தோணுச்சு. சுட்டு எடுத்துட்டுப் பாத்தேன்."

"எண்ணு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"ஈயம்?"

"புதுசா வச்சு ஒட்டிட்டேன். பாத்தா தெரியாது."

மாஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி மூடி, கிதாரைத் தவசீலன் கையில் கொடுத்தார்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. உள்ள எவனோ கை வச்சிருக்கான்."

"மாஸ்டர், அது நான்தான். இப்பதானே சொன்னேன்."

"விக்க வாரவன் எல்லாரும் இப்படி ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்வான்."

"சத்தியமா நான்தான். எனக்கு முன்னாடி ஒருத்தரும் தொடலை."

"எப்படி நம்ப?"

ஒருவரும் தொடவில்லை என்பதற்கு அந்தப் பழைய ஈயம்தான் சாட்சி. அதைத் துடைத்துக் குப்பையில் போட்டது தவசீலன்தான்.

"இப்ப இதைத் திருப்பிக் கொடுத்தா, கடைக்காரர் ஹிலாரிக்கு என்ன கொடுப்பாரு?"

தவசீலன் கணக்குப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் சுருங்கியது.

"பாதி."

"ஹிலாரி உங்ககிட்டச் சொன்ன விலை?"

"அதுவும் பாதிதான்."

"அப்ப இப்ப விலை சரியா இருக்கு. வாங்கிக்கோங்க."

தவசீலன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. கல்யாண மேடையில் பட்டதைவிட இது கூடுதல் வெட்கம், அதுவும் சிரிக்க ஒருவரும் இல்லாத இடத்தில்.

"அவன்கிட்டப் போயி, உன்னைச் சந்தேகப்பட்டுத் திறந்து பாத்தேன்னு எப்படிச் சொல்லுவேன் மாஸ்டர்?"

மாஸ்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒயரு தானா விட்டுப்போச்சு, நான் ஒட்டி வச்சேன்னு சொல்லிரட்டுமா? நம்புவான்லா?"

"நம்புவாரு அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். "நீங்க எதைச் சொன்னாலும் அவரு நம்பிருவாரு."