மீனுக்கு வெந்த சோறு

பவானி ஆற்றங்கரை ரிசார்ட்டுக்குக் குடும்பத்தோடு வந்த நாச்சிமுத்து, காலையிலேயே தூண்டிலும் கையுமாக நின்று உத்தரவு போட்டார்.

"இன்னைக்கு நான் பிடிக்கிற மீன்தான் சாப்பாடு. அது வர்றவரைக்கும் ஒருத்தரும் அடுப்புப் பத்தவைக்கக் கூடாது."

அந்த வீட்டில் அவர் பேச்சை யாரும் மீறியதில்லை. மத்தியானமாகியும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. பேரன் பேத்திகள் பசியில் சிணுங்கினார்கள். புது மருமகள் பூங்கொடி மெல்ல மாமனாரிடம் போனாள்.

"மாமா, மீனுக்கெல்லாம் மண்புழு சலிச்சுப்போச்சாட்ட இருக்குதுங்க. வேற இரை சமைச்சுத் தரட்டுங்களா?"

"மீனுக்குன்னா தாராளமாச் சமை."

பூங்கொடி பெரிய அண்டாவில் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யை ஊற்றினாள். "மீனுக்குப் போடறதுக்கு முன்னாடி எல்லாரும் உப்புப் பாருங்க" என்று தட்டு நிறையப் பரிமாறினாள். பிள்ளைகள் இரண்டாம் தரமும் உப்புப் பார்த்தார்கள்.

நெய் வாசம் ஆறு வரைக்கும் போனது. தூண்டிலைக் கரையிலேயே போட்டுவிட்டு நாச்சிமுத்து வந்து நின்றார்.

"நானும் கொஞ்சம் உப்புப் பாக்கட்டுமா?"

"இந்த இரையே உங்களுக்கு வெச்சதுதானுங்க மாமா."

எல்லாரும் உப்புப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து குலுங்கிச் சிரித்தபடி உட்கார்ந்து தட்டை நீட்டினார்.

"மாட்டிக்கிட்டேன் சாமி. ஊறுகாய் இருந்தா வையி."