ஐஸ் பெட்டியை நிறுத்தச் சொன்ன தலைவர்

செத்துப்போன புருஷன் மாடசாமியை ஐஸ் பெட்டியில் கிடத்திவிட்டு, சூரத்திலிருந்து ரயிலில் வரும் மகளுக்காக வாசல் பந்தலில் காத்திருந்தாள் மூக்கம்மா. கரண்டு குறைவாக வந்ததால் பெட்டி திணறித் திணறி ஓடியது. தலைமாட்டில் பல்பு மங்கிக் கிடந்தது.

ஊருக்குக் கரண்டு கொடுக்கும் மின் கூட்டுறவு சங்கத்தின் தலைவர் ரத்தினவேலு வந்தார். மாலையைப் போட்ட கையோடு உபதேசத்தை ஆரம்பித்தார்.

"இந்தப் பெட்டி ஓடினா டிரான்ஸ்பார்மர் தாங்காதும்மா. சங்கத்து உறுப்பினர்னா சிக்கனம் வேணும். நிறுத்திட்டு, பொழுது சாயுறதுக்குள்ள எடுத்திருங்க."

பெற்ற மகள் முகம் பார்க்காமல் எடுப்பதா? மூக்கம்மா கும்பிட்டாள்.

"நிறுத்திடுறேன் ஐயா. ஆனா தெருவுல வேற எங்கயாவது வீணா கரண்டு ஓடுச்சுன்னா, முதல்ல அந்த வீட்டு பியூஸைப் பிடுங்கணும். உங்க கையாலயே."

"பிடுங்காம? எவன் வீடா இருந்தாலும் சரி!" என்றார் தலைவர், பந்தலுக்கே கேட்கும்படி.

"அப்ப கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க."

ஒப்பாரி நின்றது. சாவு விழுந்த தெருவில் பிணம் எடுக்கும்வரை யாரும் டிவி போடமாட்டார்கள், கிரைண்டர் ஓட்டமாட்டார்கள், அடுப்புகூடப் பற்றவைக்கமாட்டார்கள். அந்த அமைதியில் எதிர்வீட்டு மாடி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. தலைவர் வீட்டு ஏசிகள். உள்ளே டிவியில் யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

பந்தல் மொத்தமும் அவரைப் பார்த்தது. அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டிப் போனார். உறுமலும் சிரிப்பும் ஒன்றாக அடங்கின.

பெட்டி சீராக ஓடியது. பல்பு பளிச்சென்று எரிந்தது. கண்ணாடிக்குள் மாடசாமியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அப்போதுதான் மூக்கம்மாவுக்கு அழுகை வந்தது.