மார்க் போடாத ஷூ

தங்கப்பழத்துக்கு வயசு நாற்பத்து நாலு. தூத்துக்குடியில் பெயிண்ட் கடை. அவருடைய குரு ஜெசிந்தாவுக்கு இருபத்து மூணு. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. முதலில் நீந்தி, உடனே சைக்கிள் மிதித்து, அதே மூச்சில் ஓடி முடிக்கிற டிரையத்லான் போட்டியை அவள் நாலு தடவை ஜெயித்தவள்.

அவர் ஒரே தடவை போனார். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நாலு நிமிஷம் பிந்திவிட்டது. அவர் ஓடி வரும்போதே எல்லைக்கோட்டு வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் அவரிடமே ஸ்பானர் கேட்டான்.

இந்த வருஷம் அந்த வளைவுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போட்டி.

புதன்கிழமை விடிந்ததும் ஆம்னி வேனில் கடற்கரைக்கு வந்து தார்ப்பாய் விரித்தார். நீச்சல் கண்ணாடி மூணு, ஹெல்மெட் ரெண்டு, ஷூ மூணு ஜோடி, நெஞ்சுத் துடிப்பு காட்டுகிற கடிகாரம் ஒன்று. எல்லாம் புதுசு.

"கோச், அத்தனையும் டெஸ்ட் பண்ணிட்டேன்! கண்ணாடிய மொட்டமாடித் தண்ணித் தொட்டியில தலைய விட்டுப் பாத்தேன்."

"தலைய மட்டுமா?"

"ஆமா. மூச்சு முட்ற வரைக்கும். ஒரு சொட்டு எறங்கல."

"அண்ணி பாத்தாங்களா?"

"பாத்தா. ஏணிய எடுத்துட்டுப் போயிட்டா."

ஜெசிந்தா சிரித்தாள்.

"ஷூவ குடோன்ல பெயிண்ட் டப்பாக்கு நடுவுல ஓடிப் பாத்தாச்சு. எல்லாத்துக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்ருக்கேன். எத எடுக்க? நீங்களே சொல்லுங்க கோச்."

அவர் நீட்டிய சீட்டை அவள் வாங்கவில்லை.

"அதிக மார்க் எதுக்கோ அத மாட்டுங்க. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் முழுசா முடிங்க. நான் கூட வாரேன்."

கடலில் முக்கால் கிலோமீட்டர். அவள் பக்கத்திலேயே நீந்தினாள். நிஜத்தைச் சொன்னால் அவர் நீந்துவது எருமை குளிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எருமை நிற்கவில்லை. கரையேறி, ஹெல்மெட்டை மாட்டி, கிடைத்த ஷூவில் ஈரக்காலைத் திணித்து, இருபது கிலோமீட்டர் சைக்கிள். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். அவள் ஸ்கூட்டரில் வந்தாள். "கியரக் கொறைங்க! தோளத் தளத்துங்க! குனியாதீங்க அண்ணாச்சி, கீழ ஒண்ணும் கெடக்கல!"

ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷம்.

தங்கப்பழம் மணலில் குதித்தார். கத்தினார். படுத்திருந்த நாய்கள் எழுந்து ஓடின.

"நாலு நிமிஷம் மிச்சம் கோச்! நாலு நிமிஷம்!"

"வழியில எத எல்லாம் நெனச்சீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா. "யோசிக்காம சொல்லுங்க."

"கண்ணாடி. பாதியிலயே எடது பக்கம் தண்ணி ஏறிட்டு."

அவள் கண்ணாடியை வாங்கி வேனுக்குள் எறிந்தாள்.

"வேற?"

"ஹெல்மெட். காத்துல விசிலடிக்கி. யாரோ கூப்பிடுறாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

ஹெல்மெட்டும் போனது.

"கோச், அது ஜெர்மன்காரன் செஞ்சது!"

"அவன் தலைக்குச் செஞ்சிருப்பான். வேற?"

"இந்தக் கடிகாரம். துடிப்பு கூடிட்டு கூடிட்டுன்னு கத்துது. அதக் கேட்டாலே இன்னும் கூடுது." அவரே கழற்றி எறிந்தார். உற்சாகம் தொற்றிக்கொண்டது.

"ஷூ?"

"ஷூவா?"

குனிந்து பார்த்தார். காலில் இருந்தது புது ஷூ இல்லை. தினமும் கடைக்குப் போட்டுப் போகிற பழசு. ஓரத்தில் பச்சை பெயிண்ட் தெறித்திருந்தது. அவசரத்தில் மாட்டியது, இவ்வளவு நேரம் தெரியவே இல்லை.

"இதுக்கு மார்க்கே போடலியே கோச்!"

"நெனப்புலயே வரலல்ல? அது இருக்கட்டும்" என்றாள். தார்ப்பாயில் கிடந்த மூணு ஜோடி புது ஷூவையும் அள்ளி வேனில் போட்டாள். மிச்சமிருந்த கண்ணாடிகளையும் இன்னொரு ஹெல்மெட்டையும் காட்டினாள். "நாளைக்கு இதுகளோட வாங்க. வேற எதையும் நெனச்சீங்களா?"

"வேற ஒண்ணுமில்ல." சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "ஆங், உங்க சத்தம்! கடைசி கிலோமீட்டர்ல கால் விட்டுட்டு. கோச் இப்பக் கத்துவாங்க, இப்பக் கத்துவாங்கன்னு காதக் குடுத்துக்கிட்டேதான் ஓடுனேன். ஞாயித்துக்கிழம நீங்க மட்டும் பக்கத்துல நில்லுங்க கோச், அந்த வளைவு எனக்குத்தான்!"

 ஜெசிந்தா எறிந்த ஹெல்மெட்டை ஒதுக்கிவிட்டு, கழித்துப் போட்ட சாமான்களோடு தானும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழம நான் வரல அண்ணாச்சி."