மாசானம் வண்டிக்கு மரச்சீட்டு போட்ட கதை

கோணமங்கலத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் சொன்ன சொல் கேட்பவர்கள். ஒரு எழுத்து கூட்டாமல், ஒரு எழுத்து குறைக்காமல் கேட்பவர்கள். வருகிற வினையெல்லாம் அதனால்தான் வருகிறது.

அந்த ஊர் மாசானத்துக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் உண்டு. அதன் சீட்டில் ரெக்சின் போய், பஞ்சு போய், கடைசியில் ஒரு கம்பிச் சுருள் மட்டும் விசுவாசமாக நிமிர்ந்து நின்றது. அது ஒருநாள் அவன் மனைவி செண்பகத்தின் கல்யாணப் பட்டுச் சேலையைக் கிழித்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

“உக்கார்ற மாதிரி ஒரு சீட்டோட வாங்க, வர்றேன். ஆடி பிறக்குறதுக்குள்ள வரணும். பிறந்துட்டா எங்கம்மா மாசம் முழுக்க அனுப்ப மாட்டா” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மாசானத்துக்குச் சோறு இறங்கவில்லை. தன் கூட்டாளிகள் தளவாயையும் பிச்சாண்டியையும் கூட்டிக்கொண்டு வீரபத்திர ஆசாரியிடம் ஓடினான். ஆசாரியோ ஒரு கல்யாணத்துக்குப் போகப் பெட்டியும் கையுமாக நின்றார். ஒரு வேங்கைப் பலகையை எடுத்துக் கொடுத்தார்.

“எனக்கு நேரமில்லப்பா. சொல்றேன், நீங்களே செஞ்சுக்கோங்க. வண்டியில உக்காந்து, உக்கார்ற இடத்தைச் சுத்திப் பென்சில்ல குறி போடு. அந்தக் குறிக்குப் பலகையை அறு. மூலையெல்லாம் உருட்டிரு, இல்லன்னா தொடையைப் பதம் பாத்துரும். கடைசியா வார்னிஷ் அடி. காயற வரைக்கும் கை வைக்கக் கூடாது.”

தளவாய்க்கு ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே ஒப்பிப்பான். அர்த்தத்துக்கு அவன் பொறுப்பில்லை.

முதலில் மாசானம் வெள்ளை வேட்டியோடு வண்டியில் உட்கார்ந்தான். தளவாய் பென்சிலால் அவனைச் சுற்றி ஒரு கோடு இழுத்தான். மாசானம் இறங்கினான். கோடும் கூடவே இறங்கியது.

“குறியைக் காணோமே?” என்றான் பிச்சாண்டி.

“வேட்டியில இருக்கு.”

“ஆசாரி குறியை அறுக்கச் சொன்னாரா, பலகையை அறுக்கச் சொன்னாரா?”

“குறிக்குப் பலகையை அறுக்கச் சொன்னாரு. குறி வேட்டியில இருக்கு. அப்ப வேட்டிக்கு அப்புறம்தான் பலகை.”

வேட்டியைக் குறியோடு வெட்டிப் பலகைமேல் விரித்தார்கள். மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தவனின் துணி விரித்ததும் அகலமாகி, இரண்டு பேர் உட்காரும் அளவு வந்தது. “செண்பகத்துக்கும் சேத்து அளவு வந்திருக்கு பாத்தியா!” என்று மாசானம் கண்கலங்கினான். மீதி வேட்டியைத் துண்டாகத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஒரு பேண்ட்டை மாட்டிக்கொண்டு வந்தான்.

பலகையை அறுத்தாயிற்று. அடுத்தது உருட்டுவது. மூன்று பேரும் அதைச் சுமந்துகொண்டு குளத்தங்கரை மேட்டுக்குப் போய்ச் செங்குத்தாக நிறுத்தித் தள்ளினார்கள். அது தொப்பென்று படுத்துக்கொண்டது.

“ஏன் உருள மாட்டேங்குது?”

“மூலை தடுக்குது.”

“அப்ப மூலையை எடுத்துட்டா?”

“எடுத்துட்டா உருளும். ஆனா ஆசாரி எடுக்கச் சொல்லலையே, உருட்டத்தானே சொன்னாரு?”

வெகுநேரம் யோசித்தார்கள். உருட்டுவதற்காக எடுத்தால் குற்றமில்லை என்று முடிவானது. உளியை வைத்து நாலு மூலையையும் வளைவாகச் செதுக்கினார்கள். ஆசாரி செய்திருந்தால்கூட அவ்வளவு அழகாக வந்திருக்காது. அதைப் பார்த்து ரசிக்க அவர்களுக்கு நேரமில்லை. மறுபடி நிறுத்தித் தள்ளினார்கள்.

பலகை தட்டுத் தடுமாறி உருண்டது. படுத்திருந்த எருமைகளுக்கு நடுவே புகுந்து குளத்தில் விழுந்தது. அதைக் காப்பாற்றப் பிச்சாண்டி குதித்தான். குதித்த பிறகுதான் தனக்கு நீச்சல் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. நல்லவேளை, பலகை அவனைக் காப்பாற்றிக் கரை சேர்த்தது.

போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, நன்றாகக் காயவைத்து, ஆனி மாதக் கடைசி நாள் காலையில் பலகையை ஒரு கல்மேல் வைத்து வார்னிஷ் அடித்தார்கள். பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தது.

“காஞ்சிருச்சா?” என்றான் மாசானம். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக்கு ஆடி.

“கை வைக்காம எப்படிச் சொல்றது?”

“கால் வைக்கலாமா?”

“தூசி ஒட்டும்.”

மாசானம் யோசித்தான். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒரு விரல்கூடப் படாமல், பலகைமேல் உட்கார்ந்தான்.

“இன்னும் காயல” என்றான்.

“அப்ப காயற வரைக்கும் இரு.”

இருந்தான். உச்சி வெயில் வந்தது. வார்னிஷ் இறுகக் காய்ந்தது. மாசானம் எழுந்தான். பலகையும் எழுந்தது.

பிச்சாண்டி ஒரு பக்கமும் தளவாய் ஒரு பக்கமும் இழுத்துப் பார்த்தார்கள். மாசானம்தான் நீண்டான், பலகை வரவில்லை. அப்படியே வண்டியில் பொருத்தலாம் என்றால், போல்ட்டை மேலிருந்து இறக்க வேண்டும். மேலே மாசானம் இருந்தான்.

“பேண்ட்டைக் கழட்டிரு” என்றான் பிச்சாண்டி.

“பேண்ட் இல்லாம மாமனார் வீட்டுக்குப் போறது மரியாதையா?” என்று கேட்டான் தளவாய்.

“அவ சீட்டோடதானே வரச் சொன்னா? வண்டியோடன்னு சொல்லலையே” என்றான் மாசானம். மூன்று பேரும் பஸ் ஏறினார்கள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் வந்தார். “சீட்டு எடுத்தாச்சா?”

“எடுத்துப் பாத்தோம், வரலைங்க” என்றான் மாசானம் வருத்தத்தோடு.

“என்னய்யா வரலை? மூணு பேருக்கும் சீட்டு வேணுமா வேண்டாமா?”

“எனக்கு இருக்குங்க. இவங்க ரெண்டு பேருக்கும் மட்டும் குடுங்க.”

“எங்க, உன் சீட்டைக் காட்டு.”

மாசானம் திரும்பி நின்று காட்டினான். கண்டக்டர் அடுத்த இரண்டு நிறுத்தங்களுக்கு விசில் ஊதவில்லை.

மாப்பிள்ளை பலகையோடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்த மாமனார் செண்பகத்தைக் கூப்பிட்டார். செண்பகம் கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் முயற்சி செய்தாள். முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து வந்து பேண்ட்டைச் சுற்றி வெட்டி அவனை விடுவித்து, அப்பாவின் வேட்டி ஒன்றைக் கட்டக் கொடுத்தாள். பேண்ட்டின் பின்பக்கம் பலகையிலேயே மெத்தை போலத் தங்கிவிட்டது.

“சரி, வர்றேன். வண்டியைத் தூக்கிட்டு வாங்கண்ணே, இங்கயே சீட்டைப் பூட்டிருவோம்” என்றாள் தளவாயிடம்.

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் வந்தார்கள். முன்சக்கரம் தளவாய் தோளில், பின்சக்கரம் பிச்சாண்டி தோளில். வளைவு வரும்போதெல்லாம் பிச்சாண்டி வாயால் ஹாரன் அடித்தான்.

மாமனார் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ. பேசாமல் துணியில் நாலு ஓட்டை குத்தி, போல்ட்டை இறக்கி முடுக்கினார். சீட்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. செண்பகம் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து, மாசானத்தின் தோளில் கை வைத்தாள். ஆடி பிறக்க இன்னும் ஓர் இரவு பாக்கி இருந்தது. மாசானத்துக்கு உலகமே காலடியில் இருப்பது போலிருந்தது.

“நாங்க போறோம். நீங்க ரெண்டு பேரும் பின்னாடியே வாங்கடா” என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கினான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோதுதான் மாசானத்துக்கு அவர்கள் நினைவு வந்தது. தெருவுக்கு ஓடினான். தூரத்தில் தளவாயும் பிச்சாண்டியும் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னாலேயே வைத்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு வேலியிலும் இரண்டு வைக்கோல் போரிலும் புகுந்து வந்த அடையாளம் உடம்பெல்லாம் இருந்தது.

“ஏண்டா இவ்வளவு நேரம்?” என்று கத்தினான் மாசானம்.

தளவாய் மாசானத்தைவிடக் கோபமாகத் திரும்பினான்.

“எங்களைக் கேக்குறியா? ராத்திரி பூரா ரோட்டைப் பாத்துக்கிட்டேதான் வர்றோம். உன் வண்டிதான் கண்ணுல படவே இல்ல!”