பெயர் வைக்க வந்தவர்

பல நாடுகளில் இந்தியத் தூதராக இருந்த விஜயரங்கன், ஓய்வு பெற்றதும் தேர்தலில் நின்றார். வாக்குப்பதிவு நெருங்கிய ஒரு காலையில், வயதில் தன்னைவிட இளையவரான தன் குருவைத் தேடி ஆசிரமத்துக்கு வந்தார்.

“சாமி, நேத்து ஒரு தெருவுல எல்லாரும் பிள்ளையைக் கொடுத்துப் பேர் வைக்கச் சொன்னாங்க. ஒரு பொண்ணு மட்டும், நான் கை நீட்டினதும் பிள்ளையை இழுத்து அணைச்சுக்கிட்டா. அதைப் பார்த்து மத்தவங்களும் உள்ள போயிட்டாங்க.”

“என்ன சொன்னா?”

“இத்தனை வருஷம் யாருக்காகப் பேசினீங்க, இப்ப யாருக்காகப் பேசுறீங்கன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்ல கேள்வின்னு சொன்னேன்.”

குரு சிரித்துவிட்டார். “எனக்காவது பதில் சொல்லுங்க.”

“அப்ப டெல்லி சொன்னதைப் பேசினேன். இப்ப கட்சி சொல்றதை.”

“நீங்களா சொந்தமாப் பேசுறது எப்ப?”

“அதுக்குத்தான் ஜெயிக்கணும் சாமி. சாயங்காலம் கூட்டத்துக்கு வந்து, இவரை நம்பலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இல்லைன்னா தோத்துடுவேன்.”

“வெளிநாட்டுல உங்களை நம்பினாங்களா?”

“விருந்து வெச்சாங்க.”

“நீங்க அவங்களை நம்பினீங்களா?”

“சாப்பிட்டேன்.”

ஆசிரமத்தில் சமையல் செய்யும் செண்பகவல்லி, இடுப்பில் குழந்தையோடு அந்தப் பக்கம் வந்தாள்.

“பிள்ளையை ஐயாகிட்ட கொஞ்சம் குடும்மா,” என்றார் குரு.

“எதுக்கு சாமி?”

“சும்மாதான்.”

“புது ஆள்னா அழுவான் சாமி.”

“நீ பக்கத்துலயே நில்லு.”

கொடுத்தாள். ஆனால் குழந்தையின் ஒரு பாதத்தை விடவில்லை. பிடித்தபடியே நின்றாள்.

குழந்தை அழவில்லை. விஜயரங்கனின் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. அவர் அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டார். குழந்தையின் முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். தன் கன்னத்தை அதன் கன்னத்தோடு சேர்த்து, புன்னகைத்து, அப்படியே அசையாமல் நின்றார்.

செண்பகவல்லி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பாதத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

“என்ன பேர் வைக்கலாம் சாமி?” என்றார் விஜயரங்கன், புன்னகை கலையாமல்.

“போட்டோ எடுக்க அங்க யாரும் இல்லை,” என்றார் குரு. “பிள்ளையை அவகிட்டயே குடுத்துடுங்க.”