சீல் பிரிக்காத படம்

“முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சுங்க அம்மா. நேத்து இல்லீங்க.”

“எது?”

“படமுங்க.”

மடத்தம்மா நிமிரவில்லை. அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

பவானி ஆற்றங்கரையில் இருக்கிற அந்தச் சின்ன மடத்தில் மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு. மடத்துக்கே தலைவியானாலும் காய் நறுக்குவது மடத்தம்மாவின் வேலை. அவரிடம் எதையாவது கேட்க வருகிறவர்கள் அந்த நேரத்தில் வந்து, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். தனி தரிசனம், பிரசங்கம் என்று அங்கே எதுவும் கிடையாது.

வந்திருந்தவர் சென்னியப்பன். பெட்ஷீட் வியாபாரம் செய்து ஓய்ந்த மனிதர். எழுபதை நெருங்குகிறார். மடத்தம்மாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் இவருக்கு அவர் அம்மா, அவருக்கு இவர் ஐயா.

“டிவிக்கு மகதான் மாசாமாசம் சந்தா கட்டறாளுங்க. அமுக்குனாப் படம் வரும். எனக்குன்னு ஒரு படத்தை அதுல குறிச்சு வெச்சிருந்தேன். இன்னைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிட்டே வந்தேன். நேத்துச் சாயங்காலம் மனசைத் தேத்திக்கிட்டு உக்காந்தா, அந்த எடத்துல வேற ஏதோ படம் பல்லைக் காட்டிட்டு நிக்குது.”

“அதைப் பாக்கறது.”

“எனக்கு அந்தப் படம்தானுங்க பாக்கோணும்.”

“ஏன்?”

சென்னியப்பன் பெருமூச்சு விட்டார். கொஞ்ச காலமாக அவர் பேச்சில் பாதி பெருமூச்சாகத்தான் இருந்தது.

“துளசிமணிக்காகங்க.”

துளசிமணி அவர் மனைவி. போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது.

“கல்யாணமான புதுசுல ஈரோட்டுக்கு அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. ஒரு பரிசல்காரன் கதை. ஆத்துல வெள்ளம் போகுது, அவன் பரிசலை எடுத்துட்டு நடு ஆத்துக்குப் போறான். அதோட இடைவேளை உட்டுட்டாங்க. வெளிய வந்தா நம்ம ஆளு நிக்கறான், லாரி வந்திருச்சு, லோடு ஏத்தோணும்னு. அப்படியே எந்திரிச்சு வந்துட்டோம். அன்னைலிருந்து அவ கேட்டுட்டே இருந்தாளுங்க. ‘ஏனுங்க, அந்தப் பரிசல்காரன் கரை சேந்தானா?’ சோறு போடறப்பக் கேப்பா. பாக்கிங் பண்றப்பக் கேப்பா. ஆஸ்பத்திரிக் கட்டல்ல படுத்துட்டும் கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நானும் பாக்கலீங்களே. ஒரு நாளைக்கு உக்காந்து பாக்கலாம் இருன்னு சொன்னேன்.”

பூசணித் துண்டுகள் பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தன.

“அந்தப் படம் வேற எங்கேயும் கெடைக்காதுங்களா?”

சென்னியப்பன் வாயை மென்றார். பிறகு சொன்னார்.

“டிவிடி இருக்குதுங்க.”

“ஆருகிட்ட?”

“என்கிட்டத்தானுங்க.”

மடத்தம்மாவின் கை நின்றது.

இங்கே சென்னியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் மனிதரைக் கிறுக்கன் என்று நினைத்துவிடுவீர்கள். அவர் டிவிடி சேர்க்கிறவர். வியாபாரத்துக்குப் போன ஊரிலெல்லாம் வாங்கி, வீட்டில் ஒரு அறை முழுக்க பீரோ பீரோவாக அடுக்கி வைத்திருந்தார். தூசு அண்டாது. ஈரம் அண்டாது. சொந்தக்காரர்களும் அண்ட முடியாது. டிஸ்க்கை எடுத்தால் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், பரப்பில் விரல் பட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் இரண்டாக வாங்குவார். ஒன்று பார்ப்பதற்கு, இன்னொன்று சீல் பிரிக்காமல் வைப்பதற்கு. பார்க்கிறது தேய்ந்தாலும் வைத்திருக்கிறது தேயாது என்பது அவர் கணக்கு.

பரிசல்காரன் படம் மட்டும் ஒன்றுதான் கிடைத்தது. தலைகீழாக நின்று பார்த்தும் இரண்டாவது அகப்படவில்லை. இருக்கிற ஒன்றைப் பிரித்துவிட்டால் வைத்திருக்க ஒன்று இருக்காது. அதனால் பிரிக்கவில்லை.

துளசிமணி கேட்டபோதெல்லாம், இன்னொன்று கிடைக்கட்டும் என்றார். அப்புறம் டிவியிலேயே அந்தப் படம் வந்துவிட்டது. டிஸ்க்குக்குச் சேதமில்லாமல் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அதற்குள் துளசிமணி படுத்துவிட்டாள்.

“நாளைக்கு அதை எடுத்துட்டு வாங்க ஐயா” என்றார் மடத்தம்மா. “இப்பச் சாப்பிட்டுட்டுப் போங்க.”

*

மறுநாள் சென்னியப்பன் டிவிடியை ஒரு துண்டில் சுற்றி, அந்தத் துண்டை மஞ்சப்பையில் வைத்து, பையை மடியில் அணைத்தபடி பஸ்ஸில் வந்தார். பச்சைக் குழந்தையைக்கூட அவர் அப்படித் தூக்கியதில்லை.

அன்றைக்குக் காய் சுரைக்காய்.

“உள்ள படம் இருக்குதுங்களா?” என்று கேட்டார் மடத்தம்மா.

“இருக்குதுங்க.”

“பாத்தீங்களா?”

“சீல் போட்டிருக்குதுங்களே அம்மா. பிரிச்சாத்தானுங்க பாக்க முடியும்.”

“அப்ப இருக்குதுன்னு எப்படித் தெரியும்?”

“வெச்சிருக்கறனுங்களே!”

மடத்தம்மா சுரைக்காயைக் கீழே வைத்தார். முந்தானையால் அரிவாளைத் துடைத்தார். மனையை அப்படியே திருப்பி, வெட்டுகிற பக்கம் சென்னியப்பனைப் பார்க்க வைத்தார்.

பிறகு மஞ்சப்பையைப் பார்த்தார்.

சென்னியப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, இது ஒண்ணுதானுங்க இருக்குது. இதையும் பிரிச்சுட்டா எனக்குன்னு என்னங்க இருக்குது?”

மடத்தம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். சுரைக்காயை எடுத்தார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க ஐயா.”

சென்னியப்பன் சாப்பிடாமல் போனார்.

*

பஸ்ஸில் வழியெல்லாம் மடத்தம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். காய் நறுக்குகிறவருக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும் என்றார். வீட்டுப் படி ஏறும்போது முழங்கால் வலித்தது, அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

மேலே வந்து உட்கார்ந்ததும் கோபம் வடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது அலுப்பு. பீரோக்களைத் துடைத்து அலுத்துவிட்டது. மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பயந்து அலுத்துவிட்டது. ‘இதையெல்லாம் என்னப்பா பண்ணப் போறீங்க?’ என்று மகள் போனில் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றியும் அலுத்துவிட்டது.

துண்டைப் பிரித்து டிவிடியை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

அதை அவர் அப்படிக் கையில் வைத்துப் பார்த்து வருஷக்கணக்காகிறது. பின்வரிசையில் பத்திரமாக இருக்கிறது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

உறையின் மூலையில் ஒரு மடிப்பு இருந்தது.

முக்கோணமாக மடித்து, நுனியை உள்ளே செருகி, அதன்மேல் ஒட்டிய மடிப்பு.

அந்த மடிப்பைச் சென்னியப்பனுக்குத் தெரியும். அந்த வீட்டின் கீழ்த்தளம்தான் பாக்கிங் ஷெட். பெட்ஷீட்டுக்குப் பாலிதீன் உறை போட்டு, சூட்டு மெஷினில் வைத்து ஒட்டுகிற வேலை ஆரம்பத்திலிருந்து துளசிமணியுடையது. மூலையை இப்படி மடிக்கிறவள் அவள் ஒருத்திதான். மடிப்பைப் பார்த்தே, சென்னியப்பன் சரக்கு வந்திருக்கிறது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள்.

அது கம்பெனி போட்ட சீல் இல்லை. பெட்ஷீட் உறை.

அவர் வெளியூர் போயிருந்த ஏதோ ஒரு நாளில் துளசிமணி படத்தைப் பிரித்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுக் கீழே போய் மெஷினைச் சூடாக்கி, புது உறை போட்டு, இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

“அடிப் பாதகத்தி!” என்றார் சென்னியப்பன்.

சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷமாக வராத சிரிப்பு. யாரும் இல்லாத வீட்டில் தோள் குலுங்கச் சிரித்தார். இத்தனை காலம் ஈ எறும்பு தொடாமல் காவல் காத்தது எதை என்று நினைத்து நினைத்துச் சிரித்தார்.

பிறகு, அவள் அதைத் தனியாக உட்கார்ந்து பார்த்திருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

காய் நறுக்குகிற கத்தியை எடுத்துவந்து உறையைக் கீறினார். மடிப்பு இருந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கீறினார்.

டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தார். பளபளக்கிற பக்கத்தில், விளிம்பை ஒட்டி, மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை. எண்ணெயும் மஞ்சளுமான சமையல் கை. கழுவக்கூடப் பொறுமை இல்லாமல் ஓடிவந்திருக்கிறாள்.

பிளேயரில் போட்டார். படம் ஓடியது. பரிசல்காரன் வந்தான். வெள்ளம் வந்தது. இடைவேளை தாண்டியும் ஓடியது. சென்னியப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பரிசல் ஒரு சுழலில் மாட்டியது.

அங்கே படம் நின்றது. கட்டம் கட்டமாக உடைந்து, இரண்டு தரம் துடித்து, நின்றேவிட்டது.

எத்தனை முறை போட்டாலும் அதே இடம். அவருக்குக் காரணம் தெரியும். படம் டிஸ்க்கின் நடுவில் தொடங்கி விளிம்பில் முடிகிறது. விளிம்பில் துளசிமணியின் விரல் இருந்தது.

அதற்கு வைத்தியமும் தெரியும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே இழுப்பு. அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வைத்தியம்.

துணியை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். கை வரவில்லை.

*

மூன்றாவது முறை அவர் வந்தபோது மடத்தம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் வணக்கம்கூடச் சொல்லாமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். மடிப்பைச் சொன்னார். ரேகையைச் சொன்னார். படம் நின்ற இடத்தையும் சொன்னார்.

டிஸ்க்கைத் துண்டிலிருந்து எடுத்து, ஓரத்தைப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்.

மடத்தம்மா எட்டிப் பார்த்தார்.

“நல்லாத் தெரியுது” என்றார்.

“டிவியில வர்ற படத்துல இன்னார் பாத்தாங்கன்னு ஒரு அடையாளமும் இருக்காதுங்க அம்மா. இதுல இருக்குது. அவ துணிமணியெல்லாம் குடுத்துட்டோம். போட்டோவுல இருக்கறது ஸ்டூடியோவுக்குன்னு வெச்ச மூஞ்சி. இது ஒண்ணுதான் அவளே வெச்சுட்டுப் போனது.”

“ம்.”

“எனக்கு இன்னொண்ணும் வெளங்கலீங்க. அவதான் பாத்துட்டாளே. அப்புறமும் எதுக்குக் கடைசி வரைக்கும் கேட்டா? டிஸ்க்கைப் போடறப்பவே வெரல் பட்டு, அவளுக்கும் அந்த எடத்துலயே நின்னு போச்சா? முடிவு தெரியாமத்தான் கேட்டாளா? இல்லை, முழுசாப் பாத்துட்டு எடுக்கறப்பப் பட்டுதா? எல்லாம் தெரிஞ்சும், என்னையப் பக்கத்துல உக்கார வெக்கறதுக்காகக் கேட்டாளா?”

ஆற்றுப் பக்கமிருந்து யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“தொடச்சா அவ போயிருவாளுங்க. தொடைக்கலைன்னாப் படம் நகராது. எனக்கு எதுவும் ஓடலீங்க அம்மா. ரொம்ப அலுப்பா இருக்குது. நீங்களே சொல்லுங்க, நான் என்னங்க பண்ணட்டும்?”

மடத்தம்மா கத்தரிக்காயை நறுக்கினார். தண்ணீரில் போட்டார். இன்னொன்றை எடுத்தார்.

“ஏனுங்க” என்றார் மடத்தம்மா.

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

“அந்தப் பரிசல்காரன் கரை சேந்தானா?”

சென்னியப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, டிஸ்க்கின் நடுவில் வைத்தார்.