பட்டமுத்துவின் டெஸ்டர்

"ஆசான், இந்த வலி தெரியாம இருக்கதுக்கு ஒரு வழி சொல்லணும்" என்றார் பட்டமுத்து.

பட்டமுத்து ஒயர்மேன். வயது நாற்பத்தாறு. சிலம்பம் சொல்லித்தரும் தங்கபுஷ்பத்துக்கு முப்பத்தொன்று. தன்னைவிடச் சின்னப் பெண்ணின் காலைத் தொட்டுக் கம்பு வாங்கினாரே என்று ஊர் கேலி செய்தது. ஊருக்கு வேறு வேலை இல்லை.

"எங்க வலிக்கு, அண்ணாச்சி?"

"வலது முட்டு. மண்டி போட்டுச் சுத்தி எந்திரிக்கும்போது, உள்ள யாரோ சாவி போட்டுத் திருகுத மாதிரி இருக்கு."

"பிறகு எப்படி ஒரு மாசமா ஆடுதீங்க?"

பட்டமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"வரும்போதே போட்டுட்டு வந்துருவேன். ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் தெரியாது. இப்ப ஒண்ணு பத்தல. ரெண்டு போடுதேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இப்படியே ஆடினா ஒரு வருஷத்துல போஸ்ட் ஏற முடியாதுன்னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு இருபது நாள்தான் இருக்கு. என் மக முன்னால அந்தச் சுத்தை ஒரு தடவை சுத்திரணும், ஆசான்."

குரலில் கெஞ்சல் இருந்தது. கேட்கவே பாவமாக இருந்தது.

தங்கபுஷ்பம் காய்ந்து கிடந்த களத்தைக் காட்டினார்.

"களத்துக்குத் தண்ணி தெளிக்கணும். மோட்டார் ஓட மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்க" என்றார்.

தண்ணீர் தெளித்துப் புழுதி அடங்காமல் அங்கே யாரும் கம்பு எடுப்பதில்லை.

பட்டமுத்து நொண்டியபடி போய்ச் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். காதில் செருகியிருந்த டெஸ்டரை எடுத்து, கரண்டு இருக்கிறதா என்று வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்த குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது.

உடனே போய் மெயினை அணைத்தார். திரும்பி வந்து மறுபடி வைத்துப் பார்த்தார். எரியவில்லை. அதன் பிறகுதான் கை வைத்தார்.

ஒரு ஒயர் கழன்றிருந்தது. இரண்டு நிமிட வேலை. மெயினைப் போட்டதும் மோட்டார் ஓடியது.

"எத்தனை வருஷ சர்வீஸ், அண்ணாச்சி?"

"இருபத்திரண்டு. ஒரு தடவைகூட அடி வாங்கினதில்ல. எல்லாம் இவன் புண்ணியம்." டெஸ்டரைத் தட்டிக் காட்டினார்.

"அதக் கொஞ்சம் தாங்க."

தங்கபுஷ்பம் டெஸ்டரின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளங்கையில் கவிழ்த்தார். ஒரு சுருள் கம்பி விழுந்தது. பின்னாலேயே அந்தக் குட்டி பல்பும் விழுந்தது.

பல்பை மட்டும் கைக்குள் வைத்துக்கொண்டு, சுருளை உள்ளே போட்டு மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப வச்சுப் பாருங்க."

பட்டமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆசான் சொல்லைத் தட்டக் கூடாதே என்று பெட்டிக்குள் வைத்தார்.

எரியவில்லை.

"சரி. கை வைங்க" என்றார் தங்கபுஷ்பம்.

பட்டமுத்து இரண்டடி பின்னால் போனார்.

"மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு, ஆசான்!"

"எரியலையே, அண்ணாச்சி. பிறகென்ன பயம்?"

"பல்பைப் பிடுங்கிட்டா கரண்டு போயிருமா? நீங்க என்ன…"

அவர் கை வலது முழங்காலைப் பிடித்தது.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் களத்தில் பரவியது.

பிறகு அவர் கை சட்டைப் பைக்குப் போனது. மாத்திரை அட்டையை எடுத்து ஆசானிடம் நீட்டினார். ஆசான் அதை வாங்கிக்கொண்டு பல்பை அவர் கையில் வைத்தார்.

"அப்போ கொடைக்கு?" என்றார் பட்டமுத்து.

"நாளைக்கு வலியோட வாங்க, அண்ணாச்சி. அது எங்க நிறுத்தச் சொல்லுதோ, அங்கேருந்து ஆரம்பிப்போம்."